பரஸ்பர விவாகரத்து: கையெழுத்துக்கு முன்னாடி என்னென்ன பேசி முடிக்கணும்? (வேலூர்)

முள்கத்தரி | திங்கள், இரவு 10.40

வணக்கம். இத்தனை நாள் படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னிக்குத்தான் எழுதுறேன்.

ஊர் குடியாத்தம். ஒரு மருத்துவமனையில லேப் டெக்னீஷியன். கல்யாணம் ஆகி 11 வருஷம், பொண்ணுக்கு 7 வயசு. 14 மாசமா அம்மா வீட்லதான் இருக்கேன். காரணத்தை இங்க எழுதல, பேசிப் பேசி வாய் வலிச்சுப்போச்சு. இப்போ ரெண்டு பேரும் சம்மதிச்சே முடிச்சுக்கலாம்னு வந்திருக்கோம். போன ஞாயித்துக்கிழமை பெரியவங்க ஆறு பேரை வச்சுப் பேசினாங்க. அவங்க தரப்புல சொன்னது இவ்வளவுதான்: "காட்பாடி வீடு உனக்கு. குழந்தை உங்கிட்ட. ஜீவனாம்சம்னு ஒண்ணும் கேக்கக் கூடாது. இருக்கிற நகையை எடுத்துக்கோ." எங்கப்பா உடனே தலையாட்டிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரல.

வீடு ரெண்டு பேர் பேர்ல. ஹவுசிங் லோனும் ரெண்டு பேர் பேர்ல, பாக்கி 14 லட்சத்துக்கு மேல. மூணு வருஷமா தவணை என் சம்பளத்துலதான் போகுது. எனக்குப் போட்டது 42 சவரன். அதுல 18 சவரன் அவரோட ஷூ அப்பர் (ஷூவோட மேல்பாகம்) தைக்கிற யூனிட்டுக்காக அடகுல கிடக்கு.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நான் என்னென்ன கேக்கணும்? எது எழுத்துல வரணும்? பட்டவங்க யாராவது சொல்லுங்க.

ஷூ_கட்டிங்_ஆம்பூர் | திங்கள், இரவு 11.05

என்னங்க பேச்சு இது? முதல்ல மகளிர் ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைண்ட் குடுங்க. மாமியார், நாத்தனார் எல்லாரையும் சேத்து. தன்னால வழிக்கு வருவாங்க. வீடு பாதி சட்டப்படியே உங்களுது, அவங்க என்ன குடுக்கிறது.

குமாஸ்தா_காட்பாடி | செவ்வாய், காலை 6.20

22 வருஷமா வக்கீல் குமாஸ்தா. வக்கீல் இல்ல, அதனால நான் சொல்றதை உங்க வக்கீல்கிட்ட ஒரு தடவை கேட்டுக்குங்க.

ஆம்பூர் தம்பிக்கு முதல்ல. அடி உதை, வரதட்சணைக் கொடுமை நிஜமா நடந்திருந்தா புகார் குடுக்கலாம், குடுக்கணும். அதை யாரும் தடுக்கல. பேரத்துக்காகக் குடுக்கிற புகார் வேற. மனைவியைக் கொடுமைப்படுத்துறதுக்கான பழைய 498ஏ பிரிவு, இப்போ புது தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்ல 85. அது ஸ்டேஷன்லயோ கீழ் கோர்ட்லயோ சமாதானம் பேசி மூடுற கேஸ் இல்ல. ராசியானதுக்கப்புறம் அதை ரத்து பண்ண ஹைகோர்ட்டுக்குத் தனியா மனு போட்டு, தனியா ஃபீஸ் கட்டி, மெட்ராஸுக்கு அலையணும். இந்தம்மா சம்மதத்தோட முடிக்கலாம்னு வந்திருக்காங்க. அவங்களை எதுக்கு அந்தப் பக்கம் தள்ளுறீங்க?

"சட்டப்படி பாதி" அடுத்தது. விவாகரத்துன்னா சொத்தை நேர் பாதியா வகுத்துக் குடுக்கிற சட்டம் நம்ம தமிழ்நாட்டுல இல்ல. யார் பேர்ல இருக்கு, யார் பணம் போட்டாங்க, அதுதான் முதல்ல பாப்பாங்க. 2023 ஜூன்ல நம்ம ஹைகோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துது. வீட்டைப் பாத்துக்கிட்ட மனைவியோட உழைப்பும் சம்பாத்தியத்துக்குச் சமம், அந்தச் சொத்துல அவங்களுக்குச் சரி பங்கு உண்டுன்னு. நல்ல தீர்ப்பு, வழக்குன்னு வந்தா எடுத்துக் காட்டலாம். அதுக்காகக் கைக்குத் தானா பாதி வந்து விழும்னு நினைக்காதீங்க. இந்தம்மா விஷயத்துல பத்திரத்துலயே பேர் இருக்கு, தவணை போன பாஸ்புக்கும் இருக்கு. அது வலுவான கை.

இனி கேள்விக்கு வரேன். மா, பரஸ்பரம்னா இந்து திருமணச் சட்டம் 13 பி. ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும், உங்களுக்கு அது ஆயிடுச்சு. முதல் மனு போட்டு 6 மாசம் காத்திருந்து, 18 மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவை வந்து ரெண்டு பேரும் சொல்லணும். அந்த 6 மாசத்தைத் தள்ளுபடி பண்ணலாம்னு 2017ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. ஆனா முதல் மனுவுக்கு முன்னாடியே பிரிஞ்சு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கணும், குழந்தை, பணம், சொத்து எல்லாம் பேசி முடிஞ்சிருக்கணும், ஜட்ஜுக்கும் திருப்தி வரணும். நீங்க 14 மாசம். இன்னும் 4 மாசம் உக்காந்திருந்து தள்ளுபடி கேக்கறதுக்கும், இப்பவே போட்டு 6 மாசம் காத்திருக்கிறதுக்கும் கணக்குப் பாத்தா ரெண்டு மாசம்தான் வித்தியாசம். அதுக்காக ஷரத்துகளை அவசரப்படுத்தாதீங்க. கடைசியா ஒண்ணா குடியிருந்தது காட்பாடி, அதனால சத்துவாச்சாரி கோர்ட்லயே போடலாம்.

இன்னொண்ணு. டிகிரி, அதாவது கோர்ட்டோட விவாகரத்துத் தீர்ப்பு, ஆகிற நிமிஷம் வரைக்கும் ரெண்டு பேர்ல யார் வேணா சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். 1991லயே தீர்ப்பு இருக்கு. அதனால முதல் மனு அன்னிக்கே எல்லாத்தையும் குடுத்துடவும் கூடாது, எல்லாத்தையும் கடைசிக்கு நிறுத்தி வைக்கவும் கூடாது. நாங்க வழக்கமா எழுதுறது: பணம், நகை பாதி முதல் மனு அன்னிக்கு, மீதி ரெண்டாவது தடவை கோர்ட்லயே, டிடியா.

மீதி சாயங்காலம். இன்னிக்கு மூணு வாய்தா இருக்கு.

செல்வி_பள்ளிகொண்டா | செவ்வாய், மதியம் 1.15

தங்கச்சி, பெரியவங்க ஆறு பேர் பேசினாங்கன்னு எழுதியிருக்கியே, ஏதாவது பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்களா? வாங்கலேன்னா சரி.

எங்க சித்தி பொண்ணுக்கு ஊர்ல வச்சுத் தீத்து விட்டாங்க. 20 ரூபா பத்திரம், நோட்டரி சீல், ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு சாட்சி. "இனி இவருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை"ன்னு எழுதி, தாலியைக் கழட்டி வச்சாச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு வேற கல்யாணமும் ஆச்சு. அந்த ரெண்டாவது புருஷன் அரசாங்க வேலை. அவர் போனதுக்கப்புறம் குடும்ப பென்ஷனுக்கு எழுதிப் போட்டா, முதல் கல்யாணத்தோட கோர்ட் தீர்ப்பு எங்கன்னு கேட்டாங்க. அந்தப் பத்திரத்தை லேமினேஷன் பண்ணி வச்சிருந்தா பாவம். கவுண்டர்ல இருந்தவர் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது டிகிரி இல்லம்மா"ன்னு கையில குடுத்தார். இன்னும் அலையுறா.

குமாஸ்தா_காட்பாடி | செவ்வாய், மாலை 6.50

செல்விம்மா சொன்னது நூத்துக்கு நூறு. சாதி வழக்கப்படி தீத்துக்கிறதைச் சட்டம் முழுசா ஒதுக்கல, ஆனா அப்படி ஒரு வழக்கம் காலம்காலமா இருக்குன்னு கோர்ட்ல நிரூபிக்கணும். அது லேசுப்பட்ட வேலை இல்ல. அந்த நம்பிக்கையில மறுகல்யாணம் பண்ணா இருதார வழக்கு வரைக்கும் போகும். நோட்டரி சீல் கல்யாணத்தை முறிக்காது.

இப்போ நகை. கல்யாணத்துக்கு உங்களுக்குப் போட்டது, உங்க வீட்டுக்காரங்க போட்டாலும் அவங்க வீட்டுக்காரங்க போட்டாலும், அது ஸ்ரீதனம், உங்க தனிச்சொத்து. 1985ல இருந்து சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிட்டு வருது, 2024லயும் திருப்பிச் சொல்லிச்சு. கஷ்டத்துக்குப் புருஷன் எடுத்துக்கலாம், ஆனா திருப்பிக் குடுக்கிற கடமை அவருக்கு உண்டு. அதனால "இருக்கிற நகையை எடுத்துக்கோ"ன்னு சொல்றது உங்களுக்குச் செய்யிற தயவு இல்ல. 18 சவரனும் உங்களுதுதான்.

அதை எப்படி எழுதுறதுங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. ரூபாயில எழுதாதீங்க. போன வருஷம் ஒரு கேஸ், "நகை மதிப்பு 9 லட்சம் தர சம்மதம்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. ரெண்டாவது மனு வர்றதுக்குள்ள தங்கம் ஏறின ஏத்தத்துல அந்தப் பணத்துக்கு அதே நகை வராது. கிராம்ல எழுதுங்க. 18 சவரன்னா 144 கிராம். ஒவ்வொரு உருப்படியும் தனித்தனியா: ஆரம், நெக்லஸ், வளையல் எத்தனை, கல் எடை போக எவ்வளவு. அடகுச் சீட்டு நம்பர், எந்தத் தேதிக்குள்ள மீட்டுத் தரணும், தராட்டி அன்னிக்கு விலைக்குப் பணம்னு ஒரு வரி. கல்யாண ஆல்பத்துல கழுத்து தெரியுற போட்டோ நாலு எடுத்து வைங்க. நகைக்கடை பில், சீர்வரிசை எழுதின நோட்டு, மொய் நோட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க. ரெண்டு பக்கமும் வந்த பரிசுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்கணும்னு 1985லயே விதி இருக்கு. நான் பாத்து ஒருத்தர் எழுதினதில்ல.

ரிடையர்டு_மேனேஜர் | செவ்வாய், இரவு 8.30

காந்தி நகர்வாசி. ஒரு தேசிய வங்கியில் 34 ஆண்டுகள், கடைசி 9 ஆண்டுகள் கிளை மேலாளர்.

அம்மா, "வீடு உனக்கு" என்ற சொல்லை நான் பயத்தோடுதான் கேட்பேன். என் கிளைக்கு ஒரு பெண் வந்தார். பிளாஸ்டிக் கவரில் நீதிமன்றத் தீர்ப்பு. "சார், லோனை இனி அவர்தான் கட்டணும்னு ஜட்ஜே சொல்லிட்டார்" என்றார். படித்துப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த வழக்கில் வங்கி ஒரு தரப்பே இல்லை. கடன் ஒப்பந்தத்தில் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் கட்டாவிட்டால் முழுத்தொகைக்கும் மற்றவர் பொறுப்பு. முன்னாள் கணவர் ஏழு தவணை கட்டவில்லை. இந்தப் பெண்ணின் சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண்) விழுந்து, அவர் கேட்ட ஸ்கூட்டர் கடன்கூடக் கிடைக்கவில்லை. நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் வங்கிக்குப் போங்கள். "கடனை என் பெயருக்கு மட்டும் மாற்ற முடியுமா" என்று எழுதிக் கேளுங்கள். உங்கள் சம்பளத்துக்கு அந்த 14 லட்சம் தாங்குமா என்று அவர்கள் புதிதாகக் கணக்குப் போடுவார்கள். தாங்கும் என்றால் அவர் பெயரை விடுவித்துத் துணை ஒப்பந்தம். தாங்காது என்றால் வேறு வங்கிக்கு மாற்றுவது, அல்லது அவர் ஒரு பகுதியை அடைத்துக் கடனைச் சிறிதாக்குவது, அல்லது வீட்டை விற்றுப் பங்கு போடுவது. இது தெரியாமல் "வீடு எனக்கு" என்று கையெழுத்துப் போட்டால் கடன்தான் உங்களுக்கு.

இரண்டாவது, பத்திரச் செலவு. அவருடைய பாதியை உங்களுக்கு எழுதித் தர வேண்டும். கணவன் மனைவியாக இருக்கும்போது குடும்ப செட்டில்மெண்டாக எழுதினால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகு இதுதான் கணக்கு. அந்தச் சலுகையில் "குடும்பம்" என்றால் அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். தீர்ப்பு வந்த மறுநாள் அவர் உங்கள் கணவர் இல்லை. அப்புறம் கிரயமாக எழுத வேண்டி வந்தால் 7 சதவீதமும் 2 சதவீதமும். வீட்டின் வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு) 36 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பாதி 18 லட்சம். இப்போது 28,000 ரூபாய். பிறகு 1,62,000.

செல்வி_பள்ளிகொண்டா | செவ்வாய், இரவு 8.52

அய்யோ சார், இதை யாரும் சொல்லவே இல்லையே.

குமாஸ்தா_காட்பாடி | செவ்வாய், இரவு 9.10

சார் சொன்னதைத்தான் நானும் கட்சிக்காரங்ககிட்ட முட்டிக்கிறேன். முதல் மனு போட்டதுக்கப்புறம், ரெண்டாவது தடவை வர்றதுக்கு முன்னாடி அந்த இடைவெளியில ரிஜிஸ்டர் பண்ணிடணும். மூலப்பத்திரம் கடனுக்கு ஈடா பேங்க்ல இருக்கும் (எம்.ஓ.டி.ம்பாங்க), பேங்க் சம்மதக் கடிதம் வாங்கிட்டுத்தான் போகணும். பத்திரம் பதிஞ்சதும் ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பாத்துட்டு அப்புறம்தான் கோர்ட்ல "முழு திருப்தி"ன்னு சொல்லணும்.

முள்கத்தரி | செவ்வாய், இரவு 11.48

படிக்கப் படிக்க வயித்தைக் கலக்குது. ஆனா நல்லவேளை கேட்டேன்.

மேனேஜர் சார், உங்க பதிவைப் படிச்சதும்தான் ஞாபகம் வந்துது. 2021ல அவர் யூனிட்டுக்கு மெஷின் லோன் வாங்கினப்போ ஒரு சாயங்காலம் பேங்குக்குக் கூட்டிட்டுப் போனார். ட்யூட்டி முடிஞ்சு யூனிஃபார்மோட போய், பென்சில்ல டிக் போட்ட இடமெல்லாம் கையெழுத்துப் போட்டேன். பதினஞ்சு இருபது இடம் இருக்கும். அது ஜாமீனா? அப்புறம் மகளிர் குழுவுல என் பேர்ல 60,000 எடுத்து அவர்கிட்டதான் குடுத்தேன், இன்னும் 11 வாரம் பாக்கி. ஒரு ஏலச்சீட்டும் என் பேர்ல ஓடுது, அதை எடுத்தது அவர்.

ரிடையர்டு_மேனேஜர் | புதன், காலை 7.00

ஜாமீன்தான், அம்மா. விவாகரத்து ஆனாலும் அந்தக் கையெழுத்து உயிரோடு இருக்கும். யூனிட் நொடித்தால் உங்கள் சம்பளக் கணக்கு வரை வரலாம். வீட்டைவிட இதைத்தான் முதலில் பேச வேண்டும். அந்த வங்கிக்குப் போய், எந்தெந்தக் கடனில் நீங்கள் ஜாமீன்தாரர், இன்றைய பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்; உங்கள் சிபில் அறிக்கையையும் எடுங்கள், நீங்கள் மறந்த கையெழுத்து அதில் தெரியக்கூடும். மாற்று ஜாமீன் கொடுத்து உங்களை விடுவிக்க வேண்டும் என்பதை ஷரத்தாக வையுங்கள். அவர் அண்ணன் தம்பி யாராவது போடட்டும். வங்கி எழுதித் தரும் விடுவிப்புக் கடிதம் கையில் வந்த பிறகே இரண்டாவது மனு.

குழுக் கடனையும் சீட்டையும் பொறுத்தவரை கையெழுத்து உங்களுடையது, குழுப் பெண்கள் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். பாக்கித்தொகையைக் கணக்கிட்டு ரொக்கமாக இப்போதே வாங்கிவிடுங்கள்.

ஷூ_கட்டிங்_ஆம்பூர் | புதன், காலை 9.40

சரி, கம்ப்ளைண்ட் வேணாம். ஆனா ஜீவனாம்சம் கேக்கக் கூடாதுன்னு சொல்றது நியாயமா? சம்பளத்துல நாலுல ஒண்ணு குடுக்கணும்னு தீர்ப்பு இருக்குல்ல?

குமாஸ்தா_காட்பாடி | புதன், மதியம் 2.05

இருக்கு தம்பி. 2017ல ஒரு கேஸ்ல சம்பளத்துல 25 சதவீதம் நியாயம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. அதை எல்லாரும் சட்டம் மாதிரி பிடிச்சுக்கிட்டாங்க. அது அளவுகோல், அவ்வளவுதான். வருமானம், கடன், ரெண்டு பேரும் பழகின வாழ்க்கை, யார்கிட்ட குழந்தை இருக்கு, எல்லாம் பாப்பாங்க. மனைவி வேலைக்குப் போறதாலேயே ஒண்ணும் கிடையாதுன்னும் கிடையாது. சம்பாதிக்காத புருஷனும் இந்து திருமணச் சட்டத்துல கேக்கலாம், அதையும் சொல்லிடுறேன்.

மா, 2020 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு படிவம் குடுத்திருக்கு. ஜீவனாம்ச வழக்குன்னா ரெண்டு பேரும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா போடணும். உங்களுது பரஸ்பரம், ஆனாலும் உங்க வக்கீல்கிட்ட அந்தப் படிவத்தை வாங்கி, ரெண்டு பேரும் நிரப்பிட்டு அடுத்த பேச்சுக்கு உக்காருங்க. பெரியவங்க ஆறு பேருக்கும் அப்பத்தான் விஷயமே புரியும். யூனிட்டோட ஜிஎஸ்டி ரிட்டர்ன், வருமான வரி ரிட்டர்ன் மூணு வருஷத்துக்கு. "யூனிட் நஷ்டத்துல ஓடுது"ன்னு வாயால சொல்றவங்க பேப்பர் கேட்டா வேற பேச்சு பேசுவாங்க.

உங்களுக்கு ஜீவனாம்சம் வேணாம்னு நீங்க விட்டுக்குடுக்கலாம், அது உங்க இஷ்டம். குழந்தைக்குச் சேர வேண்டியதை நீங்க விட்டுக்குடுத்து எழுத முடியாது. அப்படி எழுதினாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது. அதனால "ஒண்ணும் கேக்கக் கூடாது"ங்கிற வார்த்தையை அப்படியே அடிச்சிடுங்க. குழந்தைக்கு மாசம் இவ்வளவு, வருஷா வருஷம் இத்தனை சதவீதம் ஏத்தம், ஸ்கூல் ஃபீஸ் தனியா அவரே ஸ்கூலுக்குக் கட்டணும், ஆஸ்பத்திரிச் செலவு பாதி, இப்படி.

மேல்விஷாரம்_தங்கை | புதன், மாலை 4.30

நடுவுல கேக்கறதுக்கு மன்னிச்சுக்குங்க. எங்க வீட்லயும் இதே நிலைமை, என் அக்காவுக்கு. நாங்க முஸ்லிம். ஜமாஅத்துல பேசிட்டிருக்காங்க. எங்களுக்கு ஜீவனாம்சம் இத்தா காலத்துக்கு (விவாகரத்துக்கு அப்புறம் பொண்ணு காத்திருக்கிற காலம்) மட்டும்தான்னு சொல்றாங்களே?

குமாஸ்தா_காட்பாடி | புதன், மாலை 7.15

இல்லம்மா. விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கான 1986 சட்டத்துக்கு 2001ல சுப்ரீம் கோர்ட் விளக்கம் குடுத்தாச்சு: இத்தா காலத்துக்குள்ள குடுக்கணும், ஆனா அது அவங்களோட பின்னால வாழ்க்கைக்கும் போதுமானதா இருக்கணும். 2024 ஜூலைல இன்னொரு தீர்ப்பு, எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற பொதுவான ஜீவனாம்சப் பிரிவுலயும் அவங்க கேக்கலாம்னு. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துல 125, இப்போ வந்திருக்கிற பி.என்.எஸ்.எஸ்ல 144. மஹர் (கல்யாணத்துல மாப்பிள்ளை பொண்ணுக்குத் தர ஒத்துக்கிட்டது) பாக்கி இருந்தா அது அவர் தர வேண்டிய கடன், அதையும் எழுதி வாங்குங்க. ஒரே மூச்சுல மூணு தலாக் சொன்னா செல்லாது, 2019ல இருந்து அது குற்றமும்கூட. உங்க அக்காவே கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து கேக்கணும்னா அதுக்கு 1939 சட்டம் இருக்கு.

கிறிஸ்தவங்க யாராவது படிச்சா: உங்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டம், பரஸ்பரம்னா அதுல 10 ஏ பிரிவு, சட்ட வாசகப்படி ரெண்டு வருஷப் பிரிவு.

வக்கீலுக்குக் குடுக்கப் பணம் இல்லேன்னா சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துலயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. போன்ல கேக்க 15100.

பாலாறு_மணல் | புதன், இரவு 10.20

நான் எதிர்ப் பக்கம். ஆம்பளை, விவாகரத்து ஆகி நாலு வருஷம். திட்டாதீங்க.

பணம், நகை, வீடு எல்லாத்தையும் என் வக்கீல் வரி வரியா எழுதினார். பையனைப் பத்தி ஒரே வரி: "தகப்பனார் குழந்தையை நியாயமான முறையில் பார்த்துக்கொள்ளலாம்." நானும் படிச்சிட்டு சரின்னேன். எது நியாயமான முறை? ஞாயித்துக்கிழமை ராணிப்பேட்டையில இருந்து பஸ் ஏறிப் போவேன். கேட் பூட்டியிருக்கும். ட்யூஷன் போயிருக்கான், கோயிலுக்குப் போயிருக்கான், ஜுரம். வாங்கிட்டுப் போன மக்கன் பேடாவை பஸ் ஸ்டாண்டுல நானே தின்னுட்டுத் திரும்புவேன். அவங்களைக் குத்தம் சொல்லல. அவங்களுக்கும் என்மேல கோபம் இருந்துச்சு, அந்த ஒரு வரி அதுக்கு இடம் குடுத்துச்சு. அப்புறம் திரும்ப கோர்ட்டுக்குப் போய், மாசத்துல ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை காலைல 10ல இருந்து ஞாயிறு சாயங்காலம் 5 வரைக்கும்னு வாங்க ஒன்றரை வருஷம் ஆச்சு.

அதனால, சிஸ்டர், உங்க வீட்டுக்காரருக்காகவும் இதை எழுதுங்க. எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி, யார் கொண்டுவந்து விடுறது, எங்க ஒப்படைக்கிறது. மே லீவு எப்படிப் பிரிக்கிறது. தீபாவளி ஒரு வருஷம் இங்க, பொங்கல் அங்க, அடுத்த வருஷம் மாத்தி. வீடியோ கால் என்னிக்கு. வேற ஊருக்கு மாத்தலாயிட்டா என்ன பண்றது. ஸ்கூல் மாத்தணும்னா ரெண்டு பேர்கிட்டயும் கேக்கணுமா. எழுதும்போது அசிங்கமா, கணக்குப் பாக்கிற மாதிரி இருக்கும். பரவால்ல.

செல்வி_பள்ளிகொண்டா | புதன், இரவு 10.41

திட்டலப்பா. சாப்டியா?

குமாஸ்தா_காட்பாடி | வியாழன், காலை 6.30

பாலாறு தம்பி சொன்னது எல்லாக் கட்சிக்காரருக்கும் படிச்சுக் காட்ட வேண்டியது. அஞ்சு வயசுக்குக் கீழன்னா சாதாரணமா அம்மாகிட்ட. இந்தப் பொண்ணுக்கு 7. குழந்தையோட நலன் எங்கன்னு கோர்ட் பாக்கும். ரெண்டு பேரும் பேசி எழுதிட்டு வந்தா பெரும்பாலும் அதையே ஏத்துப்பாங்க.

அப்பா பக்கத்துச் சொத்துல பொண்ணோட உரிமை இந்த டிகிரியால போகாது. பரம்பரைச் சொத்துல அவளுக்குப் பிறப்புரிமை அப்படியே இருக்கும். ஆனா தாத்தா சுயமா சம்பாதிச்சதுல அவர் உயிரோட இருக்கிறவரைக்கும் யாரும் பங்கு கேக்க முடியாது. "குழந்தைக்கும் எந்த உரிமையும் இல்லை"ன்னு டிராஃப்ட்ல ஒரு வரி நைசா வரும். இதே வேலூர்ல நான் மூணு தடவை பாத்திருக்கேன். அடிச்சிட்டு இனிஷியல் போடச் சொல்லுங்க.

ரிடையர்டு_மேனேஜர் | வியாழன், காலை 8.15

மொத்தமாகவா மாதாமாதமா என்று யோசிப்பீர்கள். யூனிட் நடத்துபவரின் மாத வருமானம் ஆலை ஆர்டரைப் பொறுத்து ஏறி இறங்கும், மாதாமாதம் நம்பியிருப்பது கடினம். உங்களுக்கென்று ஏதாவது வாங்கினால் மொத்தமாக வாங்குங்கள். மொத்தத் தொகைக்கு வருமான வரி இல்லை என்றும், மாதாமாதம் வருவது வருமானம் என்றும்தான் தீர்ப்புகள் போகின்றன. குழந்தைக்கு மட்டும் மாதாமாதம் இருக்கட்டும், கூடவே அவள் பெயரில் ஒரு வைப்புத்தொகை. செல்வமகள் கணக்கு இருந்தால் ஆண்டுக்கு யார் எவ்வளவு போடுவது, பாஸ்புக் யாரிடம் என்று எழுதிவிடுங்கள்.

அப்புறம், நாமினி. பி.எஃப்., எல்.ஐ.சி., வங்கிக் கணக்கு, கிராஜுவிட்டி. விவாகரத்து ஆன பத்து வருடம் கழித்து இறந்தவரின் பாலிசிப் பணம் பழைய மனைவி பெயருக்கு வந்து, புது மனைவி என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுததுண்டு. லாக்கர் கூட்டுப் பெயரில் இருந்தால் இருவரும் ஒன்றாகப் போய்த் திறந்து, பட்டியல் எழுதி, மூடிவிட்டு வாருங்கள். தனியாகப் போகாதீர்கள், அவரையும் விடாதீர்கள்.

பாலாறு_மணல் | வியாழன், காலை 8.50

ஒண்ணு விட்டுட்டோம். ஓடிபி எந்த போனுக்கு வருது? என் ஒய்ஃபோட பேங்க், ஆதார், கேஸ் எல்லாம் என் நம்பர்லதான் இருந்துச்சு. பிரிஞ்சு ரெண்டு வருஷத்துக்கு அவங்க ஏடிஎம்ல பணம் எடுத்தா எனக்கு மெசேஜ் வரும். அவங்க எந்த ஊர்ல இருக்காங்கன்னு அதுலதான் தெரிஞ்சுப்பேன்.

முள்கத்தரி | 23 நாள் கழிச்சு, ஞாயிறு, இரவு 9.30

எல்லாருக்கும் ஒரு தகவல் சொல்லிடுறேன்.

வீட்டு லோன் பேங்குக்குப் போனேன். என் ஒரு சம்பளத்துக்கு 14 லட்சம் தாங்காது, 9 வரைக்கும்னா பாக்கலாம்னு வாயால சொன்னாங்க, எழுதித் தரச் சொல்லி மனு குடுத்திருக்கேன். மெஷின் லோன்ல நான் ஜாமீன்தான். பாக்கி 7 லட்சத்துச் சொச்சம். அதைச் சொன்னப்போ எங்கப்பா ரொம்ப நேரம் பேசல. அன்னிக்குத் தலையாட்டினவர்தான் அடுத்த பேச்சுக்கு ஒரு நோட்டு எடுத்துட்டு வந்தார். படிவத்தை நிரப்பிட்டு உக்காந்ததும் ஆறு பேர்ல ரெண்டு பேர் எழுந்து போயிட்டாங்க, கணக்கு வழக்கு பேசுற இடத்துல எங்களுக்கு வேலை இல்லன்னு. மீதி நாலு பேர் இருந்தாங்க.

இதுவரைக்கும் ஆனது: யூனிட் லோனுக்கு அவர் அண்ணன் ஜாமீன் போட ஒத்துக்கிட்டார், பேங்க் கடிதம் வரணும். 18 சவரன்ல 10 சவரன் முதல் மனு அன்னிக்கு, 8 அடுத்ததுக்கு, கிராம் கணக்குல. வீட்டு லோன்ல 5 லட்சம் அவர் அடைக்கணும், அதுதான் எனக்கு மொத்தத் தொகை. பாதியை செட்டில்மெண்ட் எழுதித் தர ஒத்துக்கிட்டார். 1,62,000 கணக்கைச் சொன்னதும் அவங்க சித்தப்பாதான் "இப்பவே எழுதிடுங்கடா"ன்னார். குழுக் கடன் பாக்கியைக் கையில குடுத்துட்டார். சீட்டு இன்னும் இழுபறி. குழந்தைக்கு மாசம் 7,000, வருஷம் 8 சதவீதம் ஏத்தம், ஃபீஸ் தனி. நான் 10,000 கேட்டேன். சனிக்கிழமைகளை எழுதும்போதுதான் ரெண்டு பேரும் முதல் தடவையா நேரா பேசிக்கிட்டோம். ரெண்டாவது, நாலாவது. அவளுக்கு டான்ஸ் கிளாஸ் சனிக்கிழமைதான், அங்க நானே கூட்டிட்டுப் போறேன்னார்.

நாளைக்கு லீவு போட்டிருக்கேன். ஆதார்லயும் பேங்க்லயும் நம்பர் மாத்தணும். ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல அவர் நம்பரும் இருக்கு. அதை எடுக்கச் சொல்லல. அது இருக்கட்டும்.